முள் ஆடினால்தான் பேச்சு

அவர் பேரை இங்கே எழுதப் போவதில்லை. மறந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். இனிஷியலோடு சேர்த்து நன்றாகவே ஞாபகம் இருக்கிறது. அவர் போட்ட புத்தகத்தில் கன்னியம்மாவை 'ஒரு பெண் தொழிலாளி' என்று எழுதினார். கன்னியம்மாவுக்கே பேர் இல்லாமல் போன பிறகு இவருக்கு எதற்குப் பேர்? 'அவர்' என்று சொல்வதே அதிகம். வயசுக்காக அந்த மரியாதை.

எழுபதுகளின் தொடக்கம். காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜாப் டைப்பிங் கடையில் நான் தமிழ் டைப்பிஸ்டாக இருந்தேன். மனு, பத்திர நகல், கோயில் கமிட்டி நோட்டீஸ் என்று என்ன வந்தாலும் அடித்துக் கொடுப்பேன். ஒரு நாள் வெள்ளை வேட்டி, வெள்ளை ஜிப்பா, நெற்றியில் அளவெடுத்து இட்ட மாதிரி விபூதியோடு ஒருவர் வந்து நின்றார். தாலுகா ஆபீசில் ஹெட் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். வந்தவர் என்னைப் பார்க்கவில்லை. என் மெஷினைப் பார்த்தார். "இது புது மாடலாம்மா?" என்று கேட்டார். மனுஷனைப் பார்க்காமல் மெஷினைப் பார்க்கிற அந்தக் குணம்தான் அவர் முழுக்க. மிச்சம் சொல்லப் போவதெல்லாம் அதற்கு சாட்சி.

ஓரிக்கை போகிற வழியில் ஒரு முறுக்கு மில் இருந்தது. பட்டு இழைகளைச் சேர்த்து முறுக்கித் தறிக்காரர்களுக்குக் கொடுக்கிற மில். பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடி, அறுபதுகளின் நடுவில் மூடிப்போனது. வேலை செய்தவர்களில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். அந்த மில்லில் வேலை செய்தவர்களையெல்லாம் தேடிப் பிடித்து, அவர்கள் வாயால் சொல்வதைப் பதிவு செய்து, புத்தகமாகப் போடுவது அவருடைய திட்டம். டேப்பைக் கேட்டு நான் டைப் அடிக்க வேண்டும். பேட்டி எடுக்கும்போதும் கூட வந்து குறிப்பு எடுக்க வேண்டும்.

நல்ல காரியம்தான், யார் இல்லை என்றார்கள்? அந்த ஊரில் பட்டைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் இருந்தார்கள்; அந்த மில் பெண்களைக் கூப்பிட்டு என்னம்மா நடந்தது என்று கேட்க அவரைத் தவிர ஒரு நாதி இல்லை. பென்ஷன் காசில்தான் செய்தார். அதையும் சொல்லிவிடுகிறேன். சொல்லிவிட்டேன், போதும்.

அவருடைய மருமகன் சிங்கப்பூரிலிருந்து ஒரு ஸ்பூல் டேப் ரிக்கார்டர் கொண்டுவந்து கொடுத்திருந்தார். பெட்டி மாதிரி கனம். அதற்கு ஒரு எம்பிராய்டரி துணி போர்த்தி, ரிக்ஷாவில் மடியில் வைத்துக்கொண்டு, பச்சைக் குழந்தையைத் தூக்கிப் போவது மாதிரி போவார். ரிக்ஷாவில் அவரும் மெஷினும் உட்கார்ந்தால் எனக்கு இடமிருக்காது. நான் பின்னாலேயே நடந்து போவேன். பாலாற்று வெயிலில் ஒரு பொம்பளை வேர்த்து விறுவிறுத்து வருகிறாளே என்று ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை. குண்டு குழியில் ரிக்ஷா ஆடினால் மட்டும் "அடாடா, மெதுவாப்பா, உள்ள வால்வு இருக்குது!" என்று அலறுவார்.

அந்த மெஷினின் முன்பக்கம் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கண்ணாடி. அதற்குள் ஒரு முள். பேச்சு விழுந்தால் முள் ஆடும். சத்தம் அதிகமானால் சிவப்புக் கோட்டுக்குப் போகும். அவர் கண் எப்போதும் அந்த முள் மேல்தான். எதிரே உட்கார்ந்திருப்பவர் அழுகிறாரா, சிரிக்கிறாரா, எழுந்து போய்விட்டாரா, ஒன்றும் தெரியாது.

"முள்ளு ஆடணும்மா" என்பார் என்னிடம், வேதம் சொல்லிக் கொடுக்கிற மாதிரி. "முள்ளு ஆடினாத்தான் பேச்சு. மத்ததெல்லாம் காத்து."

முசரவாக்கத்தில் மில் வாட்ச்மேனாக இருந்த பெரியவர் ஒருவரைப் பார்க்கப் போனோம். கேட்டைப் பூட்டிச் சாவியைக் கொடுத்த நாளைப் பற்றிச் சொல்லும்போது பெரியவருக்கு அடக்க முடியவில்லை. குலுங்கிக் குலுங்கி அழுதார். இவர் முள்ளைப் பார்த்தபடியே கையை உயர்த்தினார்.

"பெரியவரே, கொஞ்சம் மெதுவா அழுங்க. முள்ளு செவப்புக்குப் போவுது."

பாவம், அந்த மனிதர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். "மன்னிச்சுடுங்க சாமி" என்றார். இவரும் பெருந்தன்மையாக மன்னித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குறிப்பு நோட்டில் பென்சில் முனை ஒடிந்ததுதான் மிச்சம்.

ஏனாத்தூரில் இன்னொருவர். மில் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தவர். முதல் ஒரு மணி நேரம் "ஆமாங்க", "இல்லீங்க" தவிர வாயே திறக்கவில்லை. அப்புறம் ஒரு வழியாக அவரே இளகி, "ஒரு விசயம் யாருக்கும் சொன்னதில்லைப்பா" என்று ஆரம்பித்தார். ஆரம்பித்ததும் கரண்ட் போய்விட்டது. நம்ம ஆள் துள்ளி எழுந்து, "நிறுத்துங்க, நிறுத்துங்க! கரண்ட் வர்ற வரைக்கும் பேசாதீங்க, வீணாப்பூடும்!" என்று அவர் வாய்க்கு நேரே கையை நீட்டினார். அந்த மனுஷன் அரை மணி நேரம் வாயை மூடிக்கொண்டு ஆடாமல் உட்கார்ந்திருந்தார். கரண்ட் வந்தது. "எங்கப்பா வுட்டேன்?" என்று கேட்டார். இவருக்குத் தெரியவில்லை, கேட்டிருந்தால்தானே தெரியும்! நான் எடுத்துக் கொடுத்தேன். அதற்குள் பெரியவருக்குச் சொல்கிற மனசு போய்விட்டது. "வுடுங்கம்மா, அது ஒண்ணுமில்ல" என்று எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நானே அந்த மில்லில் வேலை செய்தவள். எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் இரண்டு வருஷம், டைப்பிங் பாஸ் பண்ணி வெளியே வருகிறவரைக்கும். மில் தொழிலாளி எங்கே, மில் தொழிலாளி எங்கே என்று அவர் ஊர் ஊராக ரிக்ஷாவில் அலைந்த ஐந்து மாதமும் ஒருத்தி அவருக்குப் பின்னாலேயே நடந்து வந்துகொண்டிருந்தாள். ஒரு நாள், ஒரே ஒரு நாள், "நீ எந்த ஊரும்மா, இதுக்கு முன்னாடி என்ன பண்ணே?" என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. கேட்கிற வரைக்கும் சொல்வதில்லை என்று எனக்கும் ஒரு வீம்பு. வீம்பு மட்டும் இல்லை, கொஞ்சம் பயமும்தான். ஏன் என்று சொல்கிறேன்.

முறுக்கு மெஷின் ஓடும்போது போடுகிற இரைச்சல் இருக்கிறதே, காதுக்குள் குளவி புகுந்த மாதிரி இருக்கும். பக்கத்தில் நிற்பவள் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே நாங்கள் சத்தத்தில் பேசுவதில்லை. உதட்டை அசைப்போம், கையைக் காட்டுவோம். கையைக் கவிழ்த்து நீட்டினால் மெஷின் நின்றுவிட்டது என்று அர்த்தம். கட்டை விரலை மடக்கி இழுத்தால் மெஷினை ஓட்டு என்று அர்த்தம். காது மடலைப் பிடித்தால் மேஸ்திரி, ஏனென்றால் அவர் காதில் சிவப்புக் கல் கடுக்கன். சாமான் விலை, மாமியார் சண்டை, யாருக்குத் தலைச்சன் பிள்ளை, எல்லாக் கதையும் அதிலேயே நடக்கும். மேஸ்திரிக்கு அந்தப் பேச்சு தெரியாது. தெரிய விட்டால்தானே!

கன்னியம்மா எனக்கு அடுத்த மெஷினில் இருந்தாள். ஒரு நாள் அவளுடைய மெஷினில் உருளையைச் சுற்றி இழை சிக்கிக்கொண்டது. மெஷினை நிறுத்தினாள். எங்களைப் பார்த்துக் கையைக் கவிழ்த்துக் காட்டினாள். கையை உள்ளே விட்டுச் சிக்கை எடுத்துக்கொண்டிருந்தாள். சரக்கு அன்றைக்குப் போயாக வேண்டும் என்று ஓடி வந்த மேஸ்திரி, குனிந்துகூடப் பார்க்காமல் பிடியை இழுத்தார். மெஷின் ஓடியது. வலது கையில் மூன்று விரல் போயிற்று.

கம்பெனியில் விசாரணை வைத்தார்கள். ஓடுகிற மெஷினில் கையை விட்டாள், அஜாக்கிரதை என்று மேஸ்திரி சொன்னார். எங்களை ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டார்கள். பதினான்கு பேர் "நான் பார்க்கலைங்க" என்று சொன்னோம். பதினான்காவது ஆள் நான்.

கன்னியம்மாவைப் பேட்டி எடுப்பதற்கு முதல் நாள் அவள் டைப்பிங் கடைக்கு வந்தாள். வலது கையை முந்தானையில் சுருட்டி வைத்துக்கொள்வது அவள் பழக்கம்.

"ஏம்மா, இது பொஸ்தகமா வருமாமே, நெசமா?"

"வரும்க்கா."

"அச்சுல வந்துட்டா எங்க வூட்டுக்காரரு படிப்பாரு. நான் சொன்னா நம்பமாட்டேன்றாரும்மா. இத்தினி வருசமா சொல்லிக்கினுதான் இருக்கறேன். ஒரு டம்ளரு கீழ வுழுந்தாகூட, ஓடுற மெஷின்ல கை வுட்டவதானே நீன்றாரு. பொண்ணு பார்க்க வந்தவங்க முன்னாடியும் அதையே சொல்லிச் சிரிக்கறாரு. நின்ன மெஷின்லதாம்மா வுட்டேன். உனக்குத் தெரியுமில்ல?"

"தெரியும்க்கா."

"நாளைக்கு மைக்குல சொல்லிடறேன். அது போதும் எனக்கு."

பேட்டி எங்கே வைத்தார் தெரியுமா? மேஸ்திரி வீட்டு மாடியில்! மில் மூடிய பிறகு மேஸ்திரி வீடு வீடாகக் கட்டி வாடகைக்கு விட்டுப் பெரிய மனுஷராகியிருந்தார். வந்த நான்கு பெண்களில் மூன்று பேர் அவர் வீட்டில் குடியிருப்பவர்கள். கன்னியம்மாவும்தான். "சார், வேற இடம் பார்க்கலாமே" என்று நான் சொன்னதற்கு, "தெருவுல தறிச் சத்தம்மா, முள்ளு கண்டபடி ஆடும். இங்க அமைதியா இருக்குது பாரு" என்றார். அமைதி வேண்டுமாம், அமைதி! அமைதி அங்கே எதனால் வந்தது என்று மட்டும் அவருக்கு உறைக்கவில்லை.

பெண்கள் என்னைப் பார்த்ததும் நீயா என்று கண்ணாலேயே கேட்டார்கள், காட்டிக்கொள்ள வேண்டாம் என்று நானும் கண்ணாலேயே சொன்னேன். மேஸ்திரிக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. தலையில் துணி கட்டிக்கொண்டு நின்ற எத்தனையோ பெண்களில் ஒருத்திதானே.

இவர் மைக்கை ஊதி, ஒன் டூ த்ரீ சொல்லி, "மில்லுல விபத்து ஏதாவது நடந்ததுண்டா?" என்று கேட்டார். வெற்றிலை மென்றுகொண்டிருந்த மேஸ்திரி முந்திக்கொண்டார்.

"ஒண்ணே ஒண்ணு சாரு. இதோ இந்தம்மாதான். ஓடுற மெஷின்ல கை வுட்டுட்டாங்க. அஜாக்கிரதை."

முள் ஜம்மென்று ஆடியது. இவருக்குப் பரம சந்தோஷம். மைக்கைக் கன்னியம்மா பக்கம் திருப்பினார். "சொல்லுங்கம்மா."

கன்னியம்மா வாயைத் திறந்தாள். மேஸ்திரியைப் பார்த்தாள். சத்தம் வரவில்லை. அப்புறம் முந்தானையிலிருந்து கையை எடுத்தாள். இத்தனை வருஷத்தில் அந்தக் கையை நான் முழுசாகப் பார்த்தது அன்றைக்குத்தான். உதடு அசைந்தது, இரண்டு கையும் அசைந்தன. கையைக் கவிழ்த்தாள். காது மடலைத் தொட்டாள். கட்டை விரலை மடக்கி இழுத்தாள். மற்ற மூன்று பேரும் அதே மாதிரி பதில் சொன்னார்கள்: ஆமாம், நானும் பார்த்தேன், நின்ற மெஷின்தான், அன்றைக்குப் பயந்துவிட்டோம், எங்களை மன்னித்துவிடு. ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மூன்று நிமிஷம். எத்தனையோ வருஷம் சொல்லாததை அந்த மூன்று நிமிஷத்தில் சொல்லி முடித்துவிட்டார்கள், மேஸ்திரியின் மூக்குக்கு நேரேயே. அவர் ஏதோ ஈ ஓட்டுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

நம்ம ஆளோ? முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியை விரலால் தட்டினார். "பேசுங்கம்மா. முள்ளு ஆடலியே" என்றார். மறுபடி தட்டினார். "சே, டேப்பு வீணா ஓடிக்கினு இருக்குது" என்று அணைத்துவிட்டார். தலையை ஒரு அங்குலம் தூக்கியிருந்தால் போதும். அந்த ஒரு அங்குலத்துக்குக்கூட ஆள் லாயக்கில்லை.

மறுநாள் கடைக்கு வந்தவரிடம் நான் சொன்னேன். "சார், நேத்து அவங்க பேசினாங்க."

"டேப்புல இருக்குதா?"

"இல்ல சார். கையால பேசினாங்க. மில்லுல அப்படித்தான் பேசுவாங்க. அந்த மெஷின் நின்னுக்கிட்டு இருந்தப்போ மேஸ்திரிதான்..."

"டேப்புல இருக்குதான்னு கேட்டேன்."

"இல்ல."

"அப்போ இல்ல. கையால பேசினா அது ஜாடைம்மா. ஜாடைக்கெல்லாம் சரித்திரத்துல இடம் கிடையாது. நீ டைப்பிஸ்ட், இருக்கறத அடி."

புத்தகத்துக்கு அவர் எழுதிக் கொடுத்தது இது: 'ஒரு பெண் தொழிலாளி தம் கவனக்குறைவால் மூன்று விரல்களை இழந்தார். அதுபற்றிக் கேட்டபோது அவர் வெட்கத்தால் மௌனமாக இருந்தார்.'

வெட்கத்தாலாம். கார்பன் வைத்து மூன்று பிரதி அடித்தேன். என் பத்து விரலாலும் அடித்தேன். அவரை இவ்வளவு திட்டுகிறேனே, அன்றைக்கு எழுந்து வெளியே போயிருக்கலாம். போகவில்லை. அந்த வேலை எனக்கு வேண்டியிருந்தது. அந்த வகையில் அவரோடு சேர்த்து என்னையும் காறித் துப்பலாம்.

புத்தகம் வந்தது. ஒரு கல்யாண மண்டபத்தில் சாயங்காலம் வெளியீட்டு விழா. மேடையில் மேஸ்திரிக்கு மாலை, பொன்னாடை. மண்டபத்துக்குப் பாதி வாடகை அவர் உபயம். புத்தகத்திலிருந்து சில பக்கங்களை நான் மைக்கில் படிக்க வேண்டும். அதற்கு நம்ம ஆள் ஏன் என்னைப் பிடித்தார் என்கிறீர்கள்? நன்றாகப் படிப்பேன் என்றா? "உன் குரலுக்கு முள்ளு நடுவுல அழகா நிக்குதும்மா." விழாவையும் பதிவு செய்துகொண்டிருந்தார். மேடை ஓரத்தில் மேஜை, அதன் மேல் மெஷின், அதன் மேல் குனிந்து அவர்.

மில் பெண்கள் கடைசி வரிசைகளில் உட்கார்ந்திருந்தார்கள். முப்பது பேருக்கு மேல் இருக்கும். கன்னியம்மாவுக்குப் பக்கத்தில் அவள் வீட்டுக்காரர், புதுச் சட்டையோடு, மடியில் புத்தகத்தை வைத்துக்கொண்டிருந்தார்.

நான் படித்துக்கொண்டே வந்தேன். 'ஒரு பெண் தொழிலாளி தம் கவனக்குறைவால்' என்ற இடம் வந்தது. கன்னியம்மாவின் புருஷன் பக்கத்திலிருந்தவரைப் பார்த்துச் சிரித்துத் தலையாட்டுவது மேடையிலிருந்தே தெரிந்தது. நிறுத்தினேன்.

கன்னியம்மா என்னைப் பார்த்தாள். முந்தானையிலிருந்து கையை எடுத்தாள். கவிழ்த்து நீட்டினாள். மிச்சமிருந்த விரலால் தன் உதட்டைத் தொட்டு, என்னைக் காட்டினாள். நீ சொல்லு.

அவளுக்குப் பக்கத்தில் இன்னொரு கை கவிழ்ந்து நீண்டது. அதற்குப் பின்னால் ஒன்று. பிறகு வரிசை வரிசையாக, முப்பது கையும். மேஸ்திரி மாலையை ஒதுக்கிக்கொண்டு, "இன்னாத்துக்கு எல்லாரும் கையை நீட்டறாங்க?" என்று பக்கத்தில் கேட்டார்.

புத்தகத்தை மூடினேன். மைக்கைப் பிடித்துக்கொண்டேன்.

"இந்த வரி பொய்ங்க. அவங்க பேரு கன்னியம்மா. நானும் அந்த மில்லுல வேலை செஞ்சவதான், அவங்க பக்கத்து மெஷின்ல இருந்தேன். விசாரணையில பார்க்கலைன்னு சொன்னேன். பார்த்தேன். கன்னியம்மாக்கா நின்ன மெஷின்லதான் கை விட்டாங்க. ஓட்டினவரு மாலை போட்டுக்கிட்டு இங்க உட்கார்ந்திருக்காரு. அதோ நீட்டியிருக்காங்களே, அத்தனை கையும் சொல்றது அதுதான்: மெஷின் நின்னுக்கிட்டு இருந்தது."

மேஸ்திரி எழுந்துவிட்டார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. யாரோ "ஏய், யாரு இந்தப் பொம்பளை?" என்று கத்தினார்கள். கன்னியம்மாவின் புருஷனுக்குச் சிரிப்பு போய்விட்டது. நீட்டியபடியே இருந்த அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெல்ல அதைப் பிடித்துத் தன் மடியில், புத்தகத்தின் மேல் வைத்துக்கொண்டார்.

நம்ம ஆள் என்னைத் தடுக்கப் போகிறார் என்று நான் மேடை ஓரம் திரும்பினேன். அவர் குனிந்த தலை நிமிரவில்லை. கண் மெஷின் கண்ணாடிக்குள் இருந்தது. என் பக்கமாக ஒரு கையை மட்டும் தூக்கி ஆட்டினார்.

"லெவல் அருமையா இருக்குதும்மா. அப்படியே படி."

அப்படியே படித்தேன்.